கரண்ட் இல்லை, கை வை

பிப்ரவரி 9

அன்புள்ள உனக்கு,

நீ போனை எடுக்க மாட்டாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நேற்றோடு பதினோரு தடவை அடித்துவிட்டேன். பன்னிரண்டாவது தடவை அடிக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. கடிதம் என்றால் நீ கிழித்துப் போட்டாலும் எனக்குத் தெரியப் போவதில்லை. அந்த ஒரு வசதிக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. கம்பெனி கொடுத்த அறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டில்காரருக்கு எப்போதும் இரவு ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட். நான் கிளம்பிய பிறகு அவர் வருகிறார், அவர் கிளம்பிய பிறகு நான் வருகிறேன். ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தடவை படிக்கட்டில் பார்த்தேன், அதுவும் முதுகை. மற்றபடி அவருடைய தலையணைப் பள்ளத்தையும், கொடியில் காயும் துண்டையும், நாளுக்கு நாள் தேய்கிற சோப்பையும்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தார்: 'ஜன்னலைச் சாத்தவும். பூனை வருகிறது.' நான் அதற்குக் கீழே 'சாத்திவிட்டேன்' என்று எழுதி வைத்தேன். தொழிற்சாலைக்கு வெளியே இந்த ஊரில் நான் பேசிய பெரிய பேச்சு அதுதான். சிரிக்காதே. சரி, சிரித்தாலும் பரவாயில்லை, சிரி.

ஒரு செய்தி உண்டு. மெக்கானிக்காகத்தானே சேர்ந்தேன்? போன மாதம் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டு, "உங்களுக்கு நல்லா பேச வருது. புதுசா சேர்றவங்களுக்கு இனி நீங்க கிளாஸ் எடுங்க" என்று சொல்லிவிட்டார். நான் செத்தாலும் என் வாய் சாகாது என்று நீ சொல்வாயே, அந்த வாய்க்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமைதோறும் வகுப்பு. பன்னிரண்டு பேரை ஒரு மெஷின் முன்னால் நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டு, "மெஷின் செத்துப்போச்சா?" என்று கேட்பேன். எல்லோரும் கோரஸாக "செத்துப்போச்சு சார்" என்பார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். உள்ளே கனமான சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், நிற்க மூன்று நிமிஷம் ஆகும். குழாயில் அடைபட்ட காற்று வெளியே போக வழி தேடிக்கொண்டிருக்கும். மேலே தூக்கி நிற்கிற பாரம் எப்போது வேண்டுமானாலும் இறங்கும். அமுக்கி வைத்த ஸ்பிரிங் ஒன்று இருக்கும். நீராவிக் குழாய் அரை நாளுக்குச் சூடாக இருக்கும். மின்பெட்டிக்குள்ளேயே சில பாகங்கள் அணைத்த பிறகும் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். "சுவிட்ச் ஒன்னுதான். சக்தி ஆறு இடத்துல உக்காந்திருக்கு. அதைக் கண்டுபிடிக்காம கை வெச்சா கை உங்களுது இல்ல" என்று முடிப்பேன்.

பழைய இடத்தில் நாங்கள் சுவிட்சில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு வேலை பார்ப்போமே, இங்கே அந்தக் கதையெல்லாம் இல்லை. ஆளுக்கு ஒரு பூட்டு. வேலைக்கு இறங்குகிறவன் சுவிட்சைத் தன் பூட்டால் பூட்டி, தன் போட்டோ ஒட்டிய அட்டையை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். முதலாளியே வந்தாலும் திறக்க முடியாது. பிறகு காற்றை இறக்கி, பாரத்துக்கு முட்டுக் கொடுத்து, கடைசியில் ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஒன்றும் அசையவில்லை என்றால்தான் கை வைக்கலாம்.

நாம் வாடகைக்குப் பார்க்க இருந்து, போகாமல் விட்ட அந்த இரண்டு அறை வீட்டுக்கு யாராவது வந்துவிட்டார்களா?

மச்சான் எப்படி இருக்கிறார்? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாயாடி


பிப்ரவரி 26

கடிதம் வந்தது. நான் கிழிக்கவில்லை. தபால்காரர் அதை அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். அண்ணன்தான் உறையைப் பல்லால் கிழித்தார். வலது கையில் மிஞ்சிய இரண்டு விரலால் காகிதத்தைப் பிடிக்கலாம், கிழிக்க முடியாது. படித்துவிட்டு, "மாப்ளே நல்லா எழுதியிருக்காரு" என்று மடித்து என்னிடம் கொடுத்தார். உங்களைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை தப்பாக அவர் பேசியதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள். ஜன்னலில் பச்சைத் திரை தொங்குகிறது. நான் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறேன்.

அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். போன மாதம் ஒரு கிடங்கில் வாசல் காவலுக்கு ஆள் எடுத்தார்கள். கையால் செய்கிற வேலை இல்லையே என்று போனார். பழைய தொழிற்சாலையிலிருந்து ஏதாவது காகிதம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். கொடுத்தார். 'விபத்து தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று அதில் எழுதியிருக்கிறதே, அதை அந்த மேஜைக்காரன் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்தானாம். "இதைப் பாத்தப்புறம் காவலுக்கு எப்படிங்க உங்களை வெக்கிறது?" என்றானாம். அண்ணன் "சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் வெளியே போகவில்லை.

நம் வாசல் கதவின் தாழ்ப்பாள் எவ்வளவு இறுக்கம் என்று உங்களுக்குத் தெரியும். இடது கையால் அதை இழுக்க அவருக்கு நேரமாகிறது. வருகிறவர்களுக்குப் பொறுமை இல்லை, இரண்டாவது தடவை மணி அடிக்கிறார்கள். உடனே உள்ளேயிருந்து, "வந்துட்டுதான் இருக்கேன்!" என்று கத்துகிறார். அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. பால்காரர் இப்போது மணி அடிக்காமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

அந்தக் காகிதத்தின் அடியில் 'நேரில் பார்த்த சாட்சி' என்று உங்கள் கையெழுத்து இருக்கிறது. தொழிலாளர் அலுவலகத்தில் மறுவிசாரணை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். ஜூன் பத்தாம் தேதிக்குள் நேரில் பார்த்தவர் நடந்ததை எழுதிக் கொடுத்தால் அந்த வார்த்தையை மாற்றலாம் என்கிறார்கள். நேரில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்று மெஷின் பக்கத்தில் நின்று அண்ணனிடம் என்ன சொன்னீர்கள்? ஆஸ்பத்திரி வராந்தாவில் கேட்டேன். 'ஞாபகம் இல்லை' என்றீர்கள். ஆறு இடத்தில் உட்கார்ந்திருக்கிற சக்தியெல்லாம் ஞாபகம் இருக்கிற ஆளுக்கு, தன் வாயால் சொன்ன நாலு வார்த்தை ஞாபகம் இல்லையா?

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். எங்களுக்கு எதுவும் அனுப்ப வேண்டாம்.

கடிதத்தின் அடியில் அந்தப் பெயரைப் போடாதீர்கள். அது நான் வேறு காலத்தில் வைத்த பெயர்.


மார்ச் 9

அன்புள்ள உனக்கு,

சலவைக்கூடம் என்று நீ ஒரு வரி எழுதிவிட்டாய். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அங்கே என்னென்ன மெஷின் இருக்கும் என்று கண்ணை மூடினால் தெரிகிறது. தயவுசெய்து இதைப் படி, கோபத்தோடாவது படி.

துவைக்கிற டிரம் அணைத்த பிறகும் சுற்றும். ஈரத் துணியின் கனத்தோடு சுற்றுவதால் லேசில் நிற்காது. முழுசாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு மூடியைத் திற. நீராவி வால்வை மூடினாலும் வால்வுக்கு இந்தப் பக்கம் குழாயில் இருக்கிற நீராவி எங்கே போகும்? அது அங்கேயேதான் இருக்கும். அழுத்தும் இஸ்திரி மெஷின் இருந்தால் அதன் மேல் பலகையை ஸ்பிரிங்கோ காற்றோ பிடித்திருக்கும். வெளுக்கிற மருந்து டப்பா இரண்டை ஒன்றாகக் கலந்துவிடாதே, அந்தப் புகையே ஆளை அடித்துப் போடும். எந்த மெஷினைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேள்: இது இப்போது எதனால் அசையாமல் நிற்கிறது? அதற்குப் பதில் தெரியாமல் கையை உள்ளே விடாதே.

நீ கேட்ட விஷயம். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு இருந்த களேபரத்தில் யார் என்ன சொன்னோம் என்று உறுதியாக எப்படி எழுதுவது? ஒரு தடவை கையெழுத்துப் போட்டதை மாற்றி எழுதினால் முதலில் போட்டது பொய் என்று ஆகும். இங்கே தெரிந்தால் வகுப்பு எடுக்க விடமாட்டார்கள். இந்த ஊரில் எனக்கு இருக்கிற ஒரே துணை அந்தத் திங்கட்கிழமைதான். மச்சானே எதுவும் சொல்லாமல் இருக்கும்போது நாமாகப் போய்க் கிளற வேண்டுமா என்றும் ஒரு யோசனை.

மச்சானுக்கு நடந்தது வீணாகப் போகவில்லை. பெயர் சொல்லாமல் வகுப்பில் சொல்கிறேன். "ஒருத்தர் அவசரப்பட்டு கை வெச்சாரு" என்று ஆரம்பித்தால் பிறகு ஊசி விழுந்தாலும் கேட்கும். போன வாரம் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு பேரும் இனி மறக்க மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். ரப்பர் அடிபோட்ட செருப்பு வாங்கிக்கொள், அங்கே தரை எப்போதும் ஈரமாக இருக்கும்.


மார்ச் 20

'ஒருத்தர் அவசரப்பட்டு.'

யார் அவசரப்பட்டது? அன்றைக்கு ஐந்து மணிக்கு வீடு பார்க்கப் போக வேண்டியிருந்தது அண்ணனுக்கா? அவருக்கு ஆறு மணி வரை ஷிப்ட். அவர் எங்கேயும் போக வேண்டியதில்லை. அவசரப்பட்டவர்கள் யார் யார் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அந்தக் காகிதம் ஒரு தடவைதான் அவரைக் கவனமில்லாதவர் என்றது. நீங்கள் வாராவாரம் சொல்கிறீர்கள். பன்னிரண்டு பேர் தலையாட்டுகிறார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அந்த அழுகையை வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டு அறைக்கு வந்து துணை துணை என்கிறீர்கள். என் அண்ணனுடைய மூன்று விரலை வைத்துக்கொண்டு நீங்கள் நல்ல பெயர் வாங்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. நீங்களும் இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 1

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு இரண்டு திங்கட்கிழமை போய்விட்டது. முதல் திங்கள் அந்தக் கதையைச் சொல்லவில்லை. இரண்டாவது திங்கள் பழக்கதோஷத்தில் "ஒருத்தர்" என்று ஆரம்பித்துவிட்டேன். பன்னிரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, டீ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன். வகுப்பு ஆரம்பித்து கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது.

பக்கத்துக் கட்டில்காரர் போய்விட்டார். என்றைக்குப் போனார் என்றுகூடத் தெரியாது. நேற்று வந்து பார்த்தால் மெத்தை சுருட்டி வைத்திருக்கிறது, சோப்பு டப்பா இல்லை. ஒரு சீட்டாவது வைத்திருப்பார் என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினேன். எதற்கு வைப்பார்? நான் யார் அவருக்கு? ஆனாலும் தேடினேன். இப்போது இந்த அறையில் என் சத்தம் மட்டும்தான். தண்ணீர் குடித்தால் அது தொண்டைக்குள் இறங்குவதுகூடக் கேட்கிறது.

பூனை வந்தது. நான் ஜன்னலைச் சாத்தவில்லை.


ஏப்ரல் 23

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நேற்று நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதைச் சொன்னால் புரிகிற ஆள் எனக்கு வேறு யாரும் இல்லை என்பது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

எங்கள் கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற பெரிய மெஷின் ஒன்று உண்டு. மேலே ஆள் நீளத்துக்கு ஓர் உருளை, கீழே சூடான தகடு. நேற்று மத்தியானம் நாலைந்து விரிப்பு ஒன்றாகச் சுருட்டிக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் சுவிட்சை அணைத்துவிட்டு, என்னோடு வேலை செய்கிற கண்ணாடி அக்காவைக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடி போட்டவர், அதனால் அந்தப் பெயர். "நான் ஆஃப் பண்ணிட்டேன். கைய விட்டு இழுங்க" என்றார். அக்கா வளையலைக் கழற்றி, சூட்டுக்குக் கையில் தடித்த துணியைச் சுற்றிக்கொண்டு முழங்கை வரை உள்ளே விடப் போனார்.

நான் பார்த்தேன். உருளை நாலு விரற்கடை தூக்கி நின்றது. 'இது இப்போது எதனால் அசையாமல் நிற்கிறது?' உங்கள் கேள்விதான். கேட்டுவிட்டேன், சத்தமாகவே. "எது தூக்கிப் பிடிச்சிருக்கு சார் இத?" சூப்பர்வைசருக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு, "கரண்ட்தான் இல்லையேம்மா, அப்புறம் என்ன?" என்றார்.

நான் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "விடமாட்டேன். மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றேன். எல்லோருக்கும் கோபம், வேலை நிற்கிறதே என்று. மெக்கானிக் வந்து நீராவியை மூடி, இரண்டு பக்கமும் கட்டையை முட்டுக் கொடுத்து, கம்பிக் கொக்கியால் துணியை இழுத்தார். துணி வெளியே வந்ததுதான் தாமதம், உருளை அப்படியே கட்டைகள் மேல் இறங்கிவிட்டது. ஒரு பக்கத்துக் கட்டை பிளந்துவிட்டது. அந்தத் துணிப் பந்துதான் அவ்வளவு நேரமும் அதைத் தூக்கிப் பிடித்திருந்திருக்கிறது.

கண்ணாடி அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் தண்ணீர் புகட்டினேன். "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்" என்றேன். ஏழு மாதமாக அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

உங்கள் கடிதம் ஒரு கையைக் காப்பாற்றிவிட்டது. நன்றி சொல்ல வேண்டும். பேனா ஓட மாட்டேன் என்கிறது. நான் மூன்று மாதச் சலவைக்காரி. எனக்கே அந்தக் கேள்வி தோன்றியது. பதினாலு வருஷம் மெக்கானிக்காக இருந்தவருக்கு அன்றைக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றாமல் இருந்ததா, தோன்றியும் சொல்லவில்லையா? ராத்திரி முழுக்க இதுதான்.

ஜூன் பத்துக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.


மே 5

அன்புள்ள உனக்கு,

தோன்றியது. தோன்றாமல் இல்லை.

முதலிலிருந்து எழுதுகிறேன். குறுக்கே வேடிக்கைப் பேச்சு எதுவும் வராது.

மணி நாலே முக்கால் இருக்கும். மச்சான் வேலை செய்கிற, அட்டை அழுத்தும் பிரஸ்ஸில் அட்டை சிக்கிக்கொண்டது. மேல் பலகை பாதியில் நின்றுவிட்டது. நான் போய் சுவிட்சை அணைத்து என் சிவப்புத் துணியைக் கட்டினேன். அந்தப் பலகையை இறக்குவது காற்று. கரண்ட் போனாலும் காற்று அதை அமுக்கிக்கொண்டேதான் இருக்கும், நடுவில் இருந்த அட்டைப் பந்து மட்டும்தான் தாங்கிக்கொண்டிருந்தது. காற்றை நிறுத்துகிற வால்வு மெஷினுக்குப் பின்னால் இருக்கிறது. அதை மூடினால் அதே குழாயில் இருக்கிற இன்னும் இரண்டு மெஷின் நின்றுவிடும். அதற்கு சூப்பர்வைசரைத் தேடிப் போய்க் கேட்க வேண்டும், காற்று இறங்கக் காத்திருக்க வேண்டும். எப்படியும் கால் மணி நேரம். எனக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

இனி எழுதுவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மச்சான் கையை வைக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"காத்து இருக்குமா மாப்ளே?"

கேட்டார். கவனமில்லாதவன் கேட்பானா? நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கரண்ட் இல்ல மச்சான், தைரியமா கை வை" என்றேன். அவர் காற்றைப் பற்றிக் கேட்டார், நான் கரண்ட்டைப் பற்றிப் பதில் சொன்னேன். அவருக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் தங்கச்சி புருஷன் சொல்கிறான், பதினாலு வருஷ மெக்கானிக் சொல்கிறான். கையை வைத்தார். அட்டை வெளியே வந்தது.

மறுநாள் மேனேஜர் அந்தக் காகிதத்தை நீட்டி, "கவனக்குறைவுன்னு போட்டா அவனோட போயிடும். இல்லைன்னா உன்னையும் சேத்து எழுதணும்" என்றார். நான் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். பாதியில் என் பேனா நின்றுவிட்டது. மேனேஜர் தன் பையைத் தடவி, மேஜை டிராயரைத் திறந்து தேடி, வேறு பேனா எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. அரைக் கையெழுத்தோடு எழுந்து வந்திருக்கலாம். புதுப் பேனாவை வாங்கி மீதியைப் போட்டேன்.

உன்னிடம் ஞாபகம் இல்லை என்று சொன்னது பொய். இந்த ஒன்பது மாதத்தில் எனக்கு அது ஒன்றுதான் ஞாபகம்.

நேற்று திங்கட்கிழமை. வகுப்பில் "ஒருத்தர்" என்று ஆரம்பிக்கவில்லை. "நான் ஒருத்தரோட கையை மெஷினுக்குள்ள வெக்கச் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முதல் வரிசைக்காரர் தன் நாற்காலியை லேசாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பாதுகாப்பு அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை முடித்த பிறகுதான் கவனித்தேன்.

இன்று காலையில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். பிரதி இதோடு இருக்கிறது. மச்சானிடம் காட்டு. காட்ட மனமில்லை என்றால் நீயே வைத்துக்கொள்.


மே 19

வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதிகாரி கோபப்படவில்லை. "விஷயம் அலுவலகத்துல முடியட்டும். அதுவரைக்கும் ஸ்டோர்ல இருங்க" என்றார். உதிரிப் பாகம் வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. நட்டையும் வாஷரையும் அளவு வாரியாகப் பிரித்துப் போடுகிறேன். ஆள் வந்தால் சீட்டை நீட்டுவார்கள், நான் பொருளை நீட்டுவேன். சில நாள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஷிப்ட் முடிந்துவிடுகிறது. நான் என்றால் நீ நம்ப மாட்டாய்.

நேற்று வகுப்பில் இருந்தவர் ஒருவர் வந்தார், வெல்டர். அரை அங்குல போல்ட் எட்டு வேண்டும் என்றார். எண்ணிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "சார், அந்த ஆளு இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறாரா? ராத்திரியில் கை வலிக்கிறதா? இல்லாத விரல் அரிக்கும் என்பார்களே, அப்படி உண்டா? நான் கேட்டதே இல்லை. முதல் கடிதத்தில் கேட்டேன், ஊர் வழக்கத்துக்குக் கேட்கிற மாதிரி. இப்போது கேட்கிறேன். மச்சான் எப்படி இருக்கிறார்?


ஜூன் 4

வாயாடிக்கு,

நேற்று தொழிலாளர் அலுவலகத்துக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. நானும் அண்ணனும் போனோம். உங்கள் காகிதத்தை அங்கே இருந்த அதிகாரி அம்மா மேஜையில் வைத்து, வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பழைய வார்த்தையை அடித்துவிட்டார்கள். 'பராமரிப்பு ஊழியர் தவறாக அறிவுறுத்தியதால்' என்று மாற்றி எழுதி முத்திரை குத்தினார்கள். மேனேஜரை விசாரிக்கக் கூப்பிடுவார்களாம். உங்களையும் கூப்பிடுவார்கள். அண்ணன் புதுக் காகிதத்தை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை, கசங்கிவிடுமாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். பொத்தான் போட்டுக்கொள்கிறார், மேல் பொத்தான் மட்டும் நான் போட வேண்டும். மழை வந்தால் வலிக்கிறது. இல்லாத விரல் அரிப்பது உண்மைதான். அப்போது இடது கையை எடுத்து வெற்றிடத்தைச் சொறியப் போவார். நான் பார்ப்பதைப் பார்த்தால் தலையைச் சொறிந்துகொள்வார்.

உங்கள் பிரதியை அவரிடம் காட்டினேன். 'காற்று இருக்குமா என்று அவர் கேட்டார்' என்ற இடம் வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம், "ஞாபகம் வெச்சிருக்காரே" என்றார். மறுபடி எடுத்துக் கடைசி வரை படித்துவிட்டு, "மாப்ளே கையெழுத்து ஏன் இப்படிக் கோணிப் போச்சு? என் இடது கை இதவிட நல்லா எழுதும்" என்றார். இந்த வீட்டில் பத்து மாதத்துக்குப் பிறகு சிரித்தோம்.

இனி என் விஷயம். 'சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற என் அவசரத்தால்' என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு நான் தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நாலு மணியிலிருந்து நின்றேன். வாட்ச்மேனை மூன்று தடவை உள்ளே அனுப்பினேன். மூன்றாவது தடவை என்ன சொல்லி அனுப்பினேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 'இப்ப வரலைன்னா நான் தனியாவே போயிக்கிறேன்னு சொல்லுங்க.' அண்ணன் வீட்டிலிருந்து தனியாகப் போய்விட வேண்டும் என்று அவ்வளவு துடித்தேன். நீங்கள் காகிதத்தில் என்னை விட்டுவிட்டீர்கள். இவ்வளவு திட்டினேனே, கடிதத்தில்கூட ஒரு தடவை சொல்லிக் காட்டவில்லை. உங்களைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் என்னை யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்திருக்கிறேன்.

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முந்தாநாள், அவர் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் திரும்பவில்லை. "தெரியும். வாட்ச்மேன் வந்து சொன்னப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்" என்றார்.

"அப்புறம் ஏன் இத்தனை நாள் வாயே திறக்கல?"

"திறந்தா ரெண்டு பேரையும் சொல்லணும். எனக்கு வேற யாரு இருக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதுகொண்டே அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உங்களை மட்டுமா, என்னையுமா என்றும் தெரியாது. ஆனால் ஜன்னல் இல்லாத அறையில் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்கு நன்றாக இல்லை.

லீவு கிடைத்தால் வாருங்கள். பகலில் வாருங்கள். எனக்கு நாலு மணி வரை சலவைக்கூடம், அண்ணன் மட்டும்தான் வீட்டில் இருப்பார். மணியை ஒரு தடவை அடித்துவிட்டு நில்லுங்கள். உள்ளே காலடிச் சத்தம் கேட்கும், பிறகு தாழ்ப்பாள் கிறீச்சிடும், நிற்கும், மறுபடி கிறீச்சிடும். எவ்வளவு நேரமானாலும் நில்லுங்கள். இரண்டாவது தடவை அடிக்காதீர்கள்.